போட் மெயில் வந்து நின்ற ஊர்

மார்கழி பிறந்துவிட்டால் பல வீடுகளில் இரண்டு கட்சி உண்டாகிவிடும். விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள் ஒரு கட்சி. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "பனி கொட்டுது, கதவைச் சாத்து" என்கிறவர்கள் இன்னொரு கட்சி. வயதானவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்சிதான். மூட்டுவலி, சளி, இருமல் என்று காரணங்களுக்கும் குறைவிருக்காது. டாக்டர் எவ்வளவு சொன்னாலும் நடைப்பயிற்சி தை மாதத்துக்குத் தள்ளிப் போகும். தை வந்தால் மாசிக்குத் தள்ளிப் போகும். பிறகு வெயில் வந்துவிடும். அவ்வளவுதான்!

எங்கள் தூத்துக்குடியில் மட்டும் இந்தச் சாக்கு செல்லாது. இங்கே குளிர் என்று நாங்கள் சொல்வதைக் கேட்டால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, உப்புக்காற்றில் பிசுபிசுப்புக் குறைந்து, நடப்பதற்கு வாகான காலம் மார்கழியும் தையும்தான்.

எங்கள் வீட்டில் நடக்க வேண்டியவர் என் மாமியார். வயது 82. சர்க்கரை வந்து பதினைந்து வருஷம். போன கார்த்திகையில் டாக்டர், "மாத்திரையைக் கூட்டறது என் வேலை. நடக்கறது உங்க வேலை" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஏட்டி, இந்தக் காலை வச்சிக்கிட்டு நான் எங்ஙன நடக்க? ரோட்டுல பைக்குக்காரன் இடிச்சுப் போட்டுருவான்" என்று அத்தை மறுத்தார்கள்.

நடை என்று சொன்னால்தானே மறுப்பு? "அத்தை, உங்க ஆச்சி கப்பலேறின கதையைச் சொல்லுவீங்களே, அந்த இடமெல்லாம் எங்கே இருக்குன்னு எனக்குக் காட்டுங்க" என்றேன். மறுநாள் விடியற்காலை அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள்!

முதல் நாலு நாள் ரயில்வே ஸ்டேஷன் வரை மட்டும். அடுத்த வாரம் அங்கிருந்து கடற்கரைச் சாலை. அதற்கடுத்த வாரம் பழைய துறைமுகம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினோம். அந்த நடையில் நாங்கள் பார்த்ததையும் பேசியதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

தண்டவாளம் முடிகிற இடம்

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இல். நிலம் முடிந்து கடல் தொடங்குகிற ஊர் இது. சென்னையிலிருந்து ரயிலேறி, மதுரை, மணியாச்சி வழியாக இங்கே வந்து இறங்கி, கப்பலேறிக் கொழும்புக்குப் போவார்கள். ரயிலும் கப்பலும் சேர்ந்த பயணம் என்பதால் இந்த ரயிலுக்கு 'போட் மெயில்' என்று பெயர். போட் மெயில் என்றதும் இப்போது எல்லோருக்கும் ராமேஸ்வரம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் 1914 வரை அது வந்து நின்றது எங்கள் ஊரில்தான்.

தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழை ஜனங்களில் எத்தனையோ ஆயிரம் பேர் போனதும் இந்த வழிதான். மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் தட்டப்பாறை என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. கடல் தாண்டுமுன் தொழிலாளிகளைத் தங்க வைக்க அங்கே ஒரு முகாம் இருந்தது. இன்று அந்த ஸ்டேஷனை ரயில் ஒரு நிமிஷத்தில் தாண்டிவிடுகிறது. கைக்குழந்தையோடு எத்தனை தாய்மார் அங்கே கண்ணீரும் கம்பலையுமாக நின்றிருப்பார்கள்!

அத்தையின் ஆச்சியும் போட் மெயில் காலத்து மனுஷிதான். கொழும்பில் கடை வைத்திருந்த புருஷனிடம் போய்ச் சேர்ந்தவர். "கையில கருப்பட்டிக் கொட்டான், பனங்கிழங்குக் கட்டு, இடுப்புல எங்க அப்பா. கப்பல் கரைக்கு வராதாம். தண்ணி ஆழமில்ல. சின்னப் படகுல கொண்டுபோய் நடுக்கடல்ல கப்பல்ல ஏத்துவாகளாம். படகு ஆடுத ஆட்டத்துல ஆச்சிக்குக் கொடலே வாய்க்கு வந்துட்டாம்" என்று அத்தை சொல்லும்போது, அவர்களே அந்தப் படகில் இருந்ததைப்போல வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆச்சி சொன்னது மிகையல்ல. தூத்துக்குடிக் கரையோரம் கடல் ஆழம் குறைந்தது. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஜனங்களும் மூட்டைகளும் படகில்தான் போய்ச் சேர வேண்டும். இந்த ஆழக் குறைவுதான் பிற்பாடு ஊரின் தலையெழுத்தையே மாற்றியது.

கடற்கரைச் சாலையில்

ஸ்டேஷனிலிருந்து கிழக்கே நடந்தால் கடற்கரைச் சாலை. காலை வேளையில் ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டிகளும், கூடைக்காரப் பெண்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாகக் கலகலவென்றிருக்கும். அங்கே முதலில் கண்ணில் படுவது பனிமய மாதா பேராலயம். பனியே விழாத ஊரில் பனிமாதா! இப்போதுள்ள கோயில் 1713-இல் எழும்பியது. 1982-இல் இதற்குப் பேராலயம் என்ற தகுதி கிடைத்தது. ஆகஸ்டு 5 திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள். அதே சாலையில் டச்சுக்காரர்கள் 1750-இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயமும் இருக்கிறது. முதலில் போர்ச்சுக்கீசியர், 1658-இல் டச்சுக்காரர், 1825 முதல் நிரந்தரமாக ஆங்கிலேயர் என்று இந்தக் கரைக்கு வந்தவர்கள் எல்லாரும் எதையாவது விட்டுப் போயிருக்கிறார்கள்.

பழைய வீடுகளின் காரை உதிர்ந்த சுவர்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். செங்கல்லுக்குப் பதில் துளைத்துளையாக ஒரு வெள்ளைக் கல் தெரியும். அது பவளப்பாறை. கடலில் வெட்டி எடுத்துச் சுவரும் வைத்தார்கள், சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். அந்தப் பாறைகள்தான் கரையோரத் தீவுகளுக்கு அரண். அரணை வெட்டினால் அலை சும்மா இருக்குமா? மன்னார் வளைகுடாத் தீவுகளில் எங்கள் ஊருக்கு அருகிலிருந்த விலங்குச்சல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. வான் தீவு கரைந்துகொண்டே வந்ததால், 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளைப் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். பவளத்தை வெட்டுவது இப்போது சட்டப்படி குற்றம்.

இன்னும் சற்று நடந்தால் கலெக்டர் ஆஷ் நினைவு மண்டபம். இதன் கதையிலும் போட் மெயில் உண்டு. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை இந்த ஊரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் 1907-இல் வந்து சேர்ந்தன. கொழும்புப் பாதையை அதுவரை தன் கைக்குள் வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றுகூட ஆசை காட்டியதாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1908-இல் வ.உ.சி. கைதானார். கம்பெனியும் நொடித்தது. அவர் சிறையில் செக்கிழுத்த கதை எல்லோருக்கும் தெரியும். வீட்டில் சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு தவித்து நின்ற மீனாட்சி அம்மாளை எத்தனை பேர் நினைக்கிறோம்?

1911 ஜூன் 17-ஆம் தேதி கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். திருநெல்வேலியிலிருந்து மணியாச்சி வந்து, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக அவர்களுடைய பெட்டி காத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் வாஞ்சிநாதன் சுட்டார். இன்று அந்த ஸ்டேஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர். மண்டபம் சுடப்பட்டவருக்கு, ஸ்டேஷன் சுட்டவருக்கு! "ரெண்டு வீட்டுலயும் ஒரு பொம்பள அழுதிருப்பா" என்று மட்டும் அத்தை சொன்னார்கள்.

தோணியும் முத்தும்

பழைய துறைமுகத்துக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது. ஆனால் கரையோரம் நின்றாலே தோணிகளின் பாய்மரம் தெரியும். மரத்தால் ஆன இந்தத் தோணிகள் ஒரு காலத்தில் கொழும்புக்கு ஓடின. இப்போதும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. ஆனி, ஆடிக் காற்றில் ஓடாமல் கரையில் ஓய்வெடுக்கும்.

முத்துக்குளித்துறை என்று இந்தக் கரைக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் குளியாளிகள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். ஒரு நிமிஷம், மிஞ்சினால் இன்னும் சில நொடி. அதற்குள் கையில் கிடைத்த சிப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்துச் சைகை காட்ட வேண்டும். மேலே படகில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். அந்தக் கயிற்றைப் பிடிப்பது மச்சான்தான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மனைவியின் அண்ணனோ தம்பியோ! அவன் கை தளர்ந்தால் அறுவது தன் சகோதரியின் தாலி என்பதால் தூங்கமாட்டானாம். எவ்வளவு பெரிய நம்பிக்கை பாருங்கள்.

கடலுக்கடியில் முத்துச்சிப்பி விளைகிற திட்டுக்குப் 'பார்' என்று பெயர். அந்தப் பார்களில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. அதன்பின் பார்கள் வெறிச்சோடிவிட்டன. 1973-இல் இதே ஊரில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானி அழகர்சாமி முத்துச்சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டையான முத்தை வளர்த்துக் காட்டினார். சங்கு மட்டும் இன்றும் எடுக்கிறார்கள். இங்கே எடுக்கிற சங்கு வங்காளத்துக்குப் போய், அந்த ஊர்க் கல்யாணப் பெண்களின் கையில் வளையலாக ஏறுகிறது. நமக்குத் தாலி எப்படியோ அவர்களுக்குச் சங்கு வளை அப்படி.

இடம் மாறும் துறைமுகங்கள்

எங்கள் கரையில் துறைமுகம் ஓரிடத்தில் நிலைத்ததே இல்லை. சங்க காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் மேடிட்டு, கடல் விலகிப் போய், இன்று கொற்கை வயலும் வாழையுமாக இருக்கிறது. அடுத்து மார்க்கோபோலோ வந்து பார்த்த காயல். அதையும் கடல் விட்டு விலகியது. பிறகுதான் தூத்துக்குடிக்கு யோகம்.

அந்த யோகமும் முழுசாக நிற்கவில்லை. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுமார் 150 கடல் மைல். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கோ சுமார் 22 மைல்தான். போட் மெயில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நம்முடைய நஷ்டம் தனுஷ்கோடிக்கு லாபம் ஆயிற்று. ஸ்டேஷன், கப்பல் துறை, தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி எல்லாம் அங்கே எழும்பின.

அந்த லாபம் ஐம்பது வருஷம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி, இதே மார்கழியில், நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைப் புயல் அலை அப்படியே விழுங்கிற்று. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரி செய்தார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலமும் திறந்தாயிற்று. தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம் மட்டும் மணலோடு போனது போனதுதான்.

மார்கழி அழகான மாதம், ஆனால் எங்கள் கரைக்கு அச்சம் தந்த மாதமும்கூட. 2004-இல் சுனாமி வந்ததும் மார்கழி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் மார்கழிப் பிறப்பில்தான். அன்று திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட்டது. ஏறக்குறைய 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். ஊர் என்றால் அதுதான் ஊர்!

தூத்துக்குடிக்கு மறுபடி நல்ல காலம் 1974-இல் பிறந்தது. கடலுக்குள் ஒவ்வொன்றும் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு கல் அணைகளைப் போட்டு, பெரிய கப்பலே கரைக்கு வந்து நிற்கும்படி புதுத் துறைமுகம் கட்டி, அந்த ஆண்டு ஜூலையில் நாட்டின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக்கினார்கள். 2011 முதல் அதற்கு வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர்.

அத்தை சொல்லாமல் வைத்திருந்தது

மூன்றாவது வாரம் ஒரு நாள், பழைய துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தோம். "நான் இங்ஙன வந்து பதிமூணு, பதினாலு வருஷம் இருக்கும்" என்றார்கள் அத்தை. வீட்டிலிருந்து இத்தனை கிட்ட இருக்கிற கடலுக்கா? எனக்கு வியப்பாக இருந்தது.

அத்தையின் அப்பாவுக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் கடை. சின்ன வயதில் தனுஷ்கோடி வழியாக அத்தை பல தடவை போய் வந்திருக்கிறார்கள். கடைசியாகப் போனது 1963-இல், தங்கை கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை கொழும்புக்காரர். மறு வருஷம் தனுஷ்கோடி போயிற்று. 1983 ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்து, அத்தையின் அண்ணன் கட்டிய வேட்டியோடு வந்து சேர்ந்தார். தங்கை மட்டும் அங்கேயே.

"2011-ல தூத்துக்குடியிலேருந்தே கொழும்புக்குக் கப்பல் விட்டாகல்லா? உங்க மாமாட்ட, போவமான்னு கேட்டேன். எனக்குத்தான் பிளேன்னா பயம். இந்த வருஷம் அறுவடை முடியட்டும், தையில போவோம்னாக. அதுக்குள்ள கப்பல நிறுத்திட்டாக. அடுத்த வருஷம் உங்க மாமாவும் போய்ட்டாக. அதுக்கப்புறம் இந்தக் கடலப் பாக்க மனசு வரல."

அந்தக் கப்பல் 2011 ஜூனில் தொடங்கியது. நவம்பரிலேயே நின்றுவிட்டது. ஊருக்கு அது ஒரு செய்தி. எங்கள் வீட்டில் அது ஒருத்தியின் நெஞ்சில் இத்தனை வருஷம் கிடந்திருக்கிறது. அத்தை 'கால் வலி' என்று சொன்னதில் பாதி கால்வலி அல்ல என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

செல்போனில் சின்னத்தையைக் கூப்பிட்டு, படம் தெரிகிற மாதிரி கடலைக் காட்டினேன். அங்கே கொழும்பில் அவர்கள் இப்போதுதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, அந்தத் தோணியக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்கோ" என்று கேட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். அத்தை எழுந்து நாலடி முன்னால் போய், தானே போனைத் தூக்கிப் பிடித்தார்கள். கால் வலி எங்கே போயிற்றோ!

தை மாதப் பரிசோதனையில் சர்க்கரை குறைந்திருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம். அத்தை அவரிடம் கேட்ட கேள்விதான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. "மதுரையிலேருந்து கொழும்புக்குப் பிளேன்ல ஒரு மணி நேரந்தானாமே, நான் போலாமா?" அவர் காலையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, "தாராளமா. துணைக்கு ஆள் வேணும்" என்றார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு நடக்க...

* முதல் நாளே நீண்ட தூரம் வேண்டாம். பத்து நிமிஷத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிஷமாகக் கூட்டுங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்பது நல்ல இலக்கு. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடுங்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் இருந்தால் நடையை நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும்.

* மெத்தென்ற உலர்ந்த மணல் மூட்டுக்கு ஆகாது. கெட்டியான ஈரமணல் அல்லது சாலை நல்லது.

* சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு கடற்கரையில் நடக்கவே கூடாது. சிப்பி கீறினால்கூடத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்துத் துடையுங்கள்.

* இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு நடக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் நாலு மிட்டாயும் தண்ணீரும் இருக்கட்டும். படபடப்பு, வேர்வை, நடுக்கம் வந்தால் உடனே மிட்டாயை வாயில் போடச் சொல்லுங்கள்.

* ஆஸ்துமா உள்ளவர்கள் மூடுபனி விலகி வெயில் வந்தபின் புறப்படலாம். காதுக்கு ஒரு துணி போதும்.

* நடை முடிந்ததும் தூத்துக்குடி மக்ரூன் கடை கண்ணடிக்கும்! முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை சேர்ந்த பண்டம் அது. சர்க்கரைக்காரர்களுக்கு வேண்டாம். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்கு மார்கழி, தையில் மலிவாகக் கிடைக்கும். நார்ச்சத்து உள்ளது. அதிலும் மாவுச்சத்து உண்டென்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

* கடைசியாக ஒன்று. எந்த ஊரிலும் ஒரு பழைய ஸ்டேஷனோ, பாலமோ, மில்லோ, சந்தையோ இருக்கும். உங்கள் நடையை அந்தப் பக்கம் திருப்புங்கள். "இங்கே முன்னே என்ன இருந்தது?" என்று பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் முடிக்கிற வரை குறுக்கே பேசாமல் நடந்துகொண்டே இருங்கள்.